பங்குக்கு வந்த காற்று

டென்மார்க்கில் காற்றாலைப் பங்கை யூனிட் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 1,000 யூனிட் மின்சாரம். ஒரு காற்றாலை வருஷத்துக்கு 5 லட்சம் யூனிட் தருமென்றால் அதில் 500 பங்கு. நம் வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் ஆகிறது என்று பார்த்து அதற்கேற்ப நாலோ ஐந்தோ வாங்கிக்கொள்ளலாம். நினைத்த அளவுக்கு வாங்கிக் குவிக்க முடியாதபடி முன்பு உச்சவரம்பு இருந்தது. காற்றாலைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்தான் வாங்கலாம் என்றுகூட தொடக்கத்தில் விதி இருந்தது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி, 53 லட்சம் பேர் வாழ்ந்த அந்த நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இப்படிப்பட்ட பங்கு இருந்தது. காற்றாலைக்கு டென்மார்க் மக்கள் எப்படித் தலையசைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு, அவர்களுடைய சுற்றுச்சூழல் உணர்வு, கடற்கரைக் காற்று, அரசின் தொலைநோக்கு என்று பல பதில்கள் கிடைக்கும். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சம்மதத்தைக் கட்டிக் காத்தது இந்தப் பங்குதான். அது பிறந்த கதை ஒரு பால் பண்ணையிலும் ஒரு பள்ளிக்கூடத்திலும் தொடங்குகிறது.

1882-இல் மேற்கு ஜட்லாந்தின் யெடிங் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கினார்கள். டென்மார்க்கில் அதுவே முதல். பத்துப் பசு வைத்திருப்பவருக்கும் நூறு பசு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான். பாலுக்குத் தகுந்த பணம், ஆளுக்கு ஒரே ஓட்டு. இந்த ஏற்பாடு அடுத்த சில பத்தாண்டுகளில் நாடெங்கும் பரவியது. பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் வந்தபோது அதையும் பல ஊர்களில் மக்கள் கூட்டுறவாகவே எடுத்து நடத்தினார்கள். பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் சங்கம் கூட்டி, விதி எழுதி, ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்பது அவர்களுக்குக் கைவந்த பழக்கம்.

அதே ஜட்லாந்தில் அஸ்கோவ் என்ற இடத்தில், விவசாயிகளின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மக்கள் உயர்பள்ளி ஒன்று இருந்தது. பரீட்சையும் பட்டமும் இல்லாத பள்ளி. அங்கே ஆசிரியராக இருந்த போல் லா குர் 1891-இல் அரசு உதவியுடன் ஒரு சோதனைக் காற்றாலை கட்டினார். அதில் வந்த மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகச் சேமித்தார், அந்த வாயுவில் பள்ளியின் விளக்குகளை எரித்தார். நகரத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்த மின்சாரம் கிராமத்துக்கும் வர வேண்டும், இல்லாவிட்டால் கிராமம் காலியாகிவிடும் என்பது அவர் கவலை. கிராமத்து மின் பணியாளர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்தினார். 1904-இல் அந்த வகுப்பில் உட்கார்ந்த இளைஞர்களில் ஒருவர் யொஹானஸ் யூல்.

யூல் பிறகு ஒரு மின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அறுபது வயதை நெருங்கும்போது ஆசிரியரின் வேலையை மறுபடி கையில் எடுத்தார். 1957-இல் நாட்டின் தென்கோடியில் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார். மூன்று இறக்கை, இறக்கைகள் காற்றை எதிர்கொண்டு நின்றன. காற்று எல்லை மீறினால் இறக்கையின் வடிவமே வேகத்தை மட்டுப்படுத்தும். அதையும் மீறி ஓடினால் இறக்கை நுனிகள் திரும்பி பிரேக் பிடிக்கும். மின்கம்பியோடு நேராக இணைந்த சாதாரண வகை ஜெனரேட்டர். நுணுக்கம் காட்டும் ஆடம்பரம் எதுவும் அதில் இல்லை. பெரிய பராமரிப்பு இல்லாமலே பத்து ஆண்டு ஓடியது. 1967-இல் நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம், காற்றை யார் சீந்துவார்கள்?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. டென்மார்க்கின் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு அப்போது இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. நெடுஞ்சாலையில் மக்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் போனார்கள். மின் நிறுவனங்களிடம் தயாராக ஒரு பதில் இருந்தது: அணு உலை. எங்கெங்கே கட்டலாம் என்று இடமும் பார்க்கத் தொடங்கியிருந்தன.

1974 ஜனவரியில் அணுசக்தி பற்றிய தகவல் பரப்ப என்று ஓர் அமைப்பு தொடங்கியது. 'அணுசக்தியா? வேண்டாம், நன்றி' என்ற வாசகத்தோடு சிரிக்கும் சிவப்புச் சூரியனை 1975-இல் ஆர்ஹுஸ் நகரில் அன்னே லுண்ட் என்ற இளம்பெண் வரைந்தார். அந்தப் படம் பல மொழிகளில் உலகத்தைச் சுற்றியது. கோபன்ஹேகனிலிருந்து பார்த்தால் கடலுக்கு அக்கரையில் சுவீடனின் பார்சபெக் அணு உலை தெரியும். இருபது கிலோமீட்டர்தான் தூரம். ஆகவே அணு உலை எப்படியிருக்கும் என்பதைத் தலைநகரத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வேண்டாம் என்பது எளிது, வேறு என்ன என்பதுதான் கடினம். இந்த இயக்கத்தின் சிறப்பு, அது இரண்டாவது கேள்வியையும் தலையில் போட்டுக்கொண்டது. 1975-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கென்று தனி அமைப்பு உருவானது. 1976-இல் பல்கலைக்கழக அறிஞர்கள் சிலர் அணு உலை இல்லாத மாற்று எரிசக்தித் திட்டம் ஒன்றைக் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். ஜட்லாந்துக் கொட்டகைகளில் சிலர் சுத்தியலை எடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் ரீஸாகர் என்ற தச்சர். யூலின் கெட்சர் வடிவத்தைச் சிறியதாக்கி, மர இறக்கையும் கிடைத்த வண்டிப் பாகங்களும் வைத்து 22 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கட்டினார். அதைத் தன் வீட்டு மின் இணைப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மீட்டர் பின்னால் ஓடியது. 1976 முதல் அவர் செய்த காற்றாலைகள் விலைக்குப் போகத் தொடங்கின. ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் கார்ல் எரிக் யோர்கென்சன் என்ற கொல்லரும் சேர்ந்து செய்த வடிவத்தை 1979-இல் வெஸ்டாஸ் என்ற விவசாய இயந்திரக் கம்பெனி உரிமம் பெற்றுத் தயாரித்தது. இன்றைய காற்றாலைப் பெருநிறுவனத்தின் தொடக்கம் அங்கேதான்.

இன்னொரு பக்கம் ட்விண்ட் என்ற பள்ளி வளாகத்தில் ஆசிரியர்களும் தொண்டர்களும், 2 மெகாவாட் திறனில் ஒரு பிரம்மாண்டத்தைத் தாங்களே கட்டினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். 1975-இல் தொடங்கி 1978-இல் முடித்தபோது உலகத்திலேயே பெரிய காற்றாலை அது. இன்னும் சுற்றுகிறது. ஆனால் தொழிலை வளர்த்தது ட்விண்டின் அளவல்ல. ரீஸாகர் வழிவந்த சிறிய இயந்திரங்கள்தான். 22, 30, 55, 75 என்று கிலோவாட் கணக்கில் படிப்படியாக ஏறின. ஜெர்மனி 1983-இல் ஒரே தாவலில் 3 மெகாவாட்டுக்குப் போய் குரோவியன் என்ற ராட்சதத்தை நிறுத்தியது. அது ஓடிய நேரத்தைவிடப் பழுதாகி நின்ற நேரமே அதிகம், சில ஆண்டுகளில் பிரித்துப் போட்டார்கள். மெல்ல ஏறியதில் இயந்திரத்துக்கு மட்டுமா லாபம்? பக்கத்து வயலில் சிறியதாக ஒன்று நின்று, பழகி, பிறகு கொஞ்சம் பெரியதாக ஒன்று வந்தால் ஊர்க் கண்ணுக்கும் பழக நேரம் கிடைக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் பணச் சிக்கல் எழுந்தது. 22 கிலோவாட் காற்றாலையை ஒரு விவசாயி தனியாக வாங்கிவிடலாம். 55 கிலோவாட் அவருடைய வீட்டுத் தேவையையும் தாண்டும், பையையும் தாண்டும். விடை வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. தாத்தா காலத்துப் பால் பண்ணை விதி கைவசம் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து காற்றாலைச் சங்கங்கள் அமைக்கத் தொடங்கின. மொத்த உற்பத்தியை 1,000 யூனிட் பங்குகளாக வெட்டினார்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்றார்கள். சட்டப்படி அது கூட்டு வணிகம். கடன் ஏற்பட்டால் எல்லோர் தலையிலும் விழும். அதனால் சங்கத்தின் பெயரில் கடன் வாங்கக்கூடாது என்று விதியிலேயே எழுதிக்கொண்டார்கள். பணம் முழுக்கச் சேர்ந்த பிறகுதான் காற்றாலைக்கு ஆர்டர்.

அரசும் தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. 1978-இல் ரிஸோ ஆராய்ச்சிக் கூடத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் திறந்தது. அணு ஆராய்ச்சிக்கென்று கட்டிய வளாகம் அது. மறு ஆண்டு, காற்றாலை வாங்குபவர்களுக்கு விலையில் 30 சதவீதம் மானியம் அறிவித்தார்கள். நிபந்தனை ஒன்று: அந்த மாடல் ரிஸோவில் தேறியிருக்க வேண்டும். பிரேக் பழுதாகிக் காற்றாலை தறிகெட்டுச் சுழல்வது அப்போதைய பெரிய பயம். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும்படி தனித்தனியாக இரண்டு பிரேக் வேண்டும் என்று ரிஸோ அடித்துச் சொன்னது. மானியம் படிப்படியாகக் குறைந்து 1989-இல் நின்றுவிட்டது. அதற்குள் தரம் தொழிலின் பழக்கமாகிவிட்டது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உரிமையாளர்கள் செய்த காரியம். 1978-இல் காற்றாலை வைத்திருப்பவர்கள் தங்களுக்கென்று நாடு தழுவிய சங்கம் அமைத்தார்கள். எந்தக் கம்பெனியின் காற்றாலை எந்த மாதம் எத்தனை யூனிட் தந்தது, எது எத்தனை முறை பழுதானது என்பதெல்லாம் பத்திரிகையில் அச்சாகி மாதம்தோறும் வந்தது. விளம்பரம் சொல்வதை நம்ப வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. காற்றாலைக்காரர்கள் கூடிப் பேசும் சந்திப்புகளில் பட்டறைக்காரரும் வாங்கியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உடைந்த இறக்கையைப் பற்றி மறைக்க முடியாத இடத்தில் நம்பிக்கை தானாக வளரும்.

மின் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. இணைப்புக்கு எவ்வளவு செலவு, யார் தலையில், யூனிட்டுக்கு என்ன விலை என்று ஓயாத இழுபறி. 1984-இல் இரு தரப்பும் பத்தாண்டு ஒப்பந்தத்துக்கு வந்தன. அது முடிவதற்குள் மறுபடி தகராறு. கடைசியில் 1992-இல் அரசு தலையிட்டு, வீட்டுக்காரர் கொடுக்கும் மின்சார விலையில் 85 சதவீதத்தைக் காற்றாலைக்காரருக்குத் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. இதற்கிடையே 1985 மார்ச் 29 அன்று நாடாளுமன்றம் அணு உலையை எரிசக்தித் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது. பார்சபெக் உலைகள் 1999-இலும் 2005-இலும் மூடப்பட்டன.

பங்கு என்ன செய்தது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. வடமேற்கு ஜட்லாந்தில் சிட்தி என்ற வட்டாரம் காற்றாலை நெருக்கமாக நின்ற பகுதி. 1990-களில் அங்கே மக்களைக் கேட்டபோது, பங்கு வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிடக் காற்றாலைக்கு ஆதரவாக இருந்தார்கள். பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான் அதிகம் வெறுப்பார்கள் என்ற பொது எண்ணத்தை அந்த ஆய்வு ஆதரிக்கவில்லை. பின்னர் நெதர்லாந்தில் காற்றாலை அருகே வாழும் 725 பேரிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். காற்றாலையால் வருமானம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகச் சத்தத்துக்கு நடுவே வாழ்ந்தார்கள். அப்படியும் அவர்களில் எரிச்சல்பட்டவர்கள் வெகு சிலரே. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. யாருக்காகச் சுற்றுகிறது என்பதையும் சேர்த்துத்தான் மனிதன் கேட்கிறான்.

இந்த ஏற்பாடு உச்சத்தைத் தொட்டது கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே. மிட்டல்குருண்டன் என்பது ஆழம் குறைந்த மணல் திட்டு. நகரம் பல காலம் கழிவு கொட்டிய இடம். அங்கே 27 காற்றாலைகளை மூன்று வரிசையில் நிறுத்துவதாக முதலில் திட்டம். பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது எதிர்ப்பு வந்தது: தலைநகரத்தின் கடல்முகம் கெட்டுவிடும், சத்தம் கேட்கும். திட்டக்காரர்கள் எண்ணிக்கையை 20 ஆகக் குறைத்தார்கள். மூன்று வரிசையை ஒரே வளைவாக்கினார்கள். பழைய கோபன்ஹேகன் கோட்டை அரண்களின் வளைவைத் தொடர்வதுபோல அந்தக் கோடு அமைந்தது. சத்தம் பற்றிக் கவலைப்பட்டவர்களை, ஓடிக்கொண்டிருந்த ஒரு காற்றாலைக்கே கூட்டிப்போய் நிற்கவைத்தார்கள். 2000-ஆம் ஆண்டு இறுதியில் 40 மெகாவாட் திறனுள்ள அந்த இருபதும் ஓடத் தொடங்கின. பாதி நகரத்து மின் நிறுவனத்துக்கு, மறுபாதி கூட்டுறவுக்கு. கூட்டுறவின் 40,500 பங்குகளை எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கியிருந்தார்கள்.

சாம்ஸோ என்ற தீவும் இதே வழியில் போனது. சுமார் நாலாயிரம் பேர் வாழும் விவசாயத் தீவு. முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்கத் திட்டம் தாருங்கள் என்று 1997-இல் அரசு நடத்திய போட்டியில் வென்றது. வெற்றியோடு பணம் எதுவும் வரவில்லை. உள்ளூர் விவசாயி மகனான ஸோரன் ஹெர்மன்சன் பல ஆண்டு வீடு வீடாகவும் கூட்டங்களிலும் பேசினார். உலகத்தைக் காப்பாற்றலாம் வாருங்கள் என்று அவர் தொடங்கவில்லை. எங்கே நிறுத்தலாம், யார் பணம் போடுவது, யாருக்கு எவ்வளவு என்று தொடங்கினார். நிலத்தில் 11, கடலில் 10 என்று நின்ற காற்றாலைகளில் விவசாயிகளுக்குச் சில, ஊராட்சிக்குச் சில, சிறு பங்குதாரர்களுக்குச் சில.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிப்பாக இருக்கும். 1990-களிலிருந்தே யார் வாங்கலாம் என்ற கட்டுப்பாடுகள் தளர்ந்துகொண்டு வந்தன. மூன்று கிலோமீட்டர் விதி போனது. மின்சாரம் சந்தைச் சரக்கானது, நிலையான விலை போனது. பழைய சிறு காற்றாலைகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நூறு மீட்டருக்கு மேலான பெரியவை வந்தன. ஐம்பது குடும்பம் சேர்ந்து வாங்கிவிடும் விலையில் அவை இல்லை. பணக்கார விவசாயிகளும் கம்பெனிகளும் முதலீட்டு நிதிகளும் வந்து வாங்கின. கூட்டுறவுகளின் பங்கு சுருங்கியது. 2009 வாக்கில் அதே டென்மார்க்கில், ராட்சதக் காற்றாலைகளின் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாடு தழுவிய எதிர்ப்புச் சங்கம் அமைத்தார்கள். மக்கள் மனம் திடீரென்று மாறிவிட்டதா? காற்று அதே காற்று, ஊரும் அதே ஊர். மாறியது உரிமைப் பத்திரத்தில் இருந்த பெயர்.

நம் ஊருக்கும் இந்த இயந்திரம் வந்தது. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் முதல் காற்றாலைகள் நின்றன. 1990-ஐ ஒட்டி டென்மார்க் அரசின் உதவி நிறுவனமான டானிடா, கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைப் பண்ணைகளுக்குப் பணம் கொடுத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றுக்கு உலகத்தில் இணை குறைவு. ஆனால் கப்பலில் இயந்திரம் வந்ததே தவிர சங்கம் வரவில்லை. தேய்மானக் கழிவு என்ற வருமான வரிச் சலுகைக்காகவும், தம் மில்லுக்குச் சொந்தக் கரண்ட் கிடைக்கும் என்பதற்காகவும் நூற்பாலைகளும் சிமெண்ட் கம்பெனிகளும் காற்றாலை வாங்கின. முப்பந்தலில் சுற்றியது கோயம்புத்தூர்க் கணக்கில் வரவானது. நிலம் விற்றவருக்கு ஒரு தடவைப் பணம், சிலருக்குக் காவல் வேலை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பல ஆண்டு இந்தியாவிலேயே முதலிடத்தில் இருந்தது. அதை நினைத்து நாம் பெருமைப்படலாம். அந்த ஊர்க்காரருக்கோ காற்றாலையைத் தம்முடையது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. இனி வரப்போகும் சூரியப் பூங்காக்களும் கடல் காற்றாலைகளும் மேய்ச்சல் நிலத்தையும் மீன்பிடி எல்லையையும் கேட்கும்போது இந்த வித்தியாசம் கணக்குக்கு வரும்.

பங்கைக் கைநழுவ விட்ட தவறை டென்மார்க் அரசு ஓரளவு உணர்ந்தது. 2009 முதல், புதிய காற்றாலை போடுகிறவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை நாலரைக் கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முதலில் தர வேண்டும், வீட்டு மதிப்பு குறைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் வந்தது. 2020-இல் பங்கு விற்கும் கடமையை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை, விரும்பினால் வீட்டைக் காற்றாலைக்காரரிடமே விற்றுவிடும் உரிமை என்று மாற்றினார்கள். கணக்குப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இது நஷ்டமில்லை. கையிலிருந்து பணம் போட வேண்டாம், நஷ்டப்படும் பயமும் இல்லை.

ஆனால் தொகை வாங்குகிறவர் காற்றாலையைச் சகித்துக்கொள்ளக் கூலி வாங்குகிறவர்தான். பால் பண்ணைக் காலத்திலிருந்து வந்த ஏற்பாட்டில் பணம் பாதி, ஓட்டு பாதி. மார்ச்சில் மூன்று வாரம் ஏன் நின்றது, பழுதுக்கு இத்தனை செலவு எப்படி ஆனது, அடுத்த காற்றாலையை எந்த வயலில் வைப்பது என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை அதில் இருந்தது. சம்மதம் என்பதை ஒரு தடவை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. வருஷாவருஷம் அதைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஊர்க்காரருக்கு ஓர் இருக்கை போட வேண்டும். இழப்பீட்டுச் சட்டங்கள் எத்தனை வந்தாலும் அந்த இருக்கைக்கு ஈடாகாது.